இசைக் காணொளியை அளந்து பார்த்துத் திட்டமிடுதல்: ஊடக மாணவர்களுக்கு

ஊடகவியல் மாணவர்களிடம் ஓர் இசைக் காணொளியைத் தயாரித்துத் தரச் சொல்லும்போது, அதற்கு முன்பாக ஏற்கெனவே வெளிவந்த சில காணொளிகளை அலசி எழுதும்படியும் சொல்வது வழக்கம். இந்த அலசலைப் பலரும் ஒரு சடங்காகவே செய்து முடிக்கிறார்கள். நீல நிறம் சோகத்தை உணர்த்துகிறது, மேலிருந்து பார்க்கும் கேமரா தனிமையைக் காட்டுகிறது என்று நான்கு பக்கம் எழுதி ஒப்படைத்துவிட்டு, படப்பிடிப்பு நாளில் அந்தத் தாள்களை யாரும் எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. எடுத்துப் பார்த்தாலும் பயன் இருக்காது. எத்தனை ஷாட் (வெட்டு இல்லாமல் தொடர்ந்து ஓடும் காட்சித் துண்டு) வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஓட வேண்டும், பாடகரை எத்தனை இடங்களில் நிறுத்திப் படமெடுக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கங்களில் விடை இல்லை. ஆகவே, பொருள் சொல்வதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் எண்ணவும் அளக்கவும் தொடங்குங்கள்.

எடுத்துக்கொள்ளும் காணொளிகள் மூன்று போதும். நீங்கள் படமாக்கப்போகும் பாடலின் வகையையும் வேகத்தையும் ஒத்த ஒன்று. ஒரே இடத்தில் சில ஆட்களை மட்டும் வைத்துக் குறைந்த செலவில் எடுத்தது என்று பார்த்தவுடன் தெரிகிற ஒன்று. உங்கள் ரசனைக்குச் சற்றும் ஒத்துவராத ஒன்று. மூன்றாவதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. ஆனால், பிடித்த காணொளியைப் பார்க்கும்போது நாம் பாட்டோடு போய்விடுகிறோம். பிடிக்காததைப் பார்க்கும்போதுதான் கட், அதாவது ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டு, எங்கே விழுகிறது என்பது கண்ணில் படுகிறது.

முதல் தடவை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டு இல்லாமலும் கதை புரிகிறதா, எந்த இடத்தில் அலுப்புத் தட்டுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து திரையைத் திருப்பி வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு, அதன் வரைபடத்தை ஒரு தாளில் எழுதுங்கள்: முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி என ஒவ்வொரு பகுதியும் எத்தனையாவது வினாடியில் தொடங்குகிறது, எங்கே புதிய வாத்தியம் நுழைகிறது, எங்கே தாளம் முழுவதும் நின்றுபோகிறது என்பவையெல்லாம் அதில் வர வேண்டும். உங்கள் சொந்தப் பாடலுக்கும் இதே வரைபடம் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போடும் எந்தத் திட்டமும் ஊகம்தான்.

இனி ஷாட் பதிவேடு, அதாவது ஒரு ஷாட்டுக்கு ஒரு வரி என்று எழுதும் அட்டவணை. யூடியூபில் காணொளியை நிறுத்தி வைத்துக்கொண்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் (காணொளியின் ஒரு தனிப் படம்) முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃப்ரேம் பின்னே வரும். முழுக் காணொளியையும் இப்படிப் பதிவு செய்ய முயன்றால் பாதியிலேயே சலித்துவிடும். முதல் பல்லவி, ஒரு சரணம், கடைசிப் பல்லவி ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் ஃப்ரேம் பிசகாமல் பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடங்கும் நேரம், நீளம், அளவு (முகம் நிறையும் க்ளோஸ்-அப், இடுப்பளவு தெரியும் மிட், இடம் முழுவதும் தெரியும் வைடு), கேமரா நகர்கிறதா நிற்கிறதா, திரையில் இருப்பது பாடகரா கதைமாந்தரா, அந்த வினாடியில் பாடலில் என்ன ஒலிக்கிறது ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியில் ‘நமக்கு’ என்ற தலைப்பில் ஒரு பத்தியைக் காலியாக விட்டுவையுங்கள்.

பதிவேட்டை எப்படிப் படிப்பது என்பதை ஒரு கணக்கின் வழியாகப் பார்க்கலாம். பாடலின் வேகம் நிமிடத்துக்கு 96 பீட் (தாளத்தின் ஓர் அடி) என்றால், ஒரு பீட்டின் நீளம் 0.625 வினாடி. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது சரியாக 15 ஃப்ரேம். நான்கு பீட் சேர்ந்த ஒரு தாளச் சுற்று 2.5 வினாடி, அதாவது 60 ஃப்ரேம். எட்டுச் சுற்றுகள் கொண்ட பல்லவி 20 வினாடி ஓடும். அந்தப் பல்லவியில் பத்து ஷாட்கள் இருந்தால் சராசரி நீளம் 2 வினாடி என்று எழுதிவிட்டு நகரத் தோன்றும். ஆனால், அந்தப் பத்தில் ஒன்று மட்டும் மூன்று சுற்று நேரம், அதாவது 7.5 வினாடி நின்றிருந்தால், மற்ற ஒன்பதும் தலைக்கு 1.4 வினாடிக்கும் குறைவாகவே ஓடியிருக்க வேண்டும். நம் மனத்தில் தங்கியிருப்பது அந்த நீண்ட ஷாட். அதற்கு அழுத்தம் கொடுத்தவை அதைச் சூழ்ந்திருந்த குட்டி ஷாட்கள். சராசரியை மட்டும் எழுதினால் இந்தச் சூட்சுமம் காணாமல் போய்விடும் என்பதால், மிக நீளமானதையும் மிகக் குறுகியதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கட் எங்கே விழுகிறது என்பதையும் இதே கணக்கைக் கொண்டு கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் பீட்டிலும் தவறாமல் கட் செய்தால், நான்கு சுற்றுக்குள் பார்ப்பவர் அடுத்த கட்டை முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். படம் கடிகாரம்போல் ஆகிவிடும். தேர்ந்த படத்தொகுப்பாளர்கள் பல இடங்களில் பீட்டுக்கு ஓரிரு ஃப்ரேம் முன்னதாகவே வெட்டுவதையும், சில இடங்களில் வரியின் நடுவில் வேண்டுமென்றே வெட்டுவதையும், பறை அல்லது டிரம் அடி விழும்போது வெட்டாமல் அந்த அடியை ஒரு கையசைவோ தலைத் திருப்பமோ ஏற்கும்படி விட்டுவிடுவதையும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் போகும்போது காண்பீர்கள். பீட்டின் மேல் விழும் கட்கள் எத்தனை, விழாதவை எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டால், உங்கள் எடிட்டருக்குச் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொன்னதுபோல் ஆகும்.

இவ்வளவும் எண்ணிய பிறகுதான் பொருளுக்கு வர வேண்டும். ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992-இல் வகுத்துத் தந்த பார்வை பல பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. அதில் மாணவர்களுக்கு மிகவும் உதவுவது, பாடல் வரிக்கும் காட்சிக்கும் இடையே மூன்று வகை உறவு இருக்கலாம் என்ற பகுதி. வரி சொல்வதையே காட்சியும் காட்டுவது விளக்கம். வரி சொல்லாத ஒன்றைச் சேர்த்துக் காட்சி அதைப் பெரிதாக்குவது விரிவு. இரண்டும் தொடர்பில்லாமல் போவதோ முரண்படுவதோ விலகல். மாணவர் படைப்புகளில் பெரும் பங்கு முதல் வகையிலேயே நின்றுவிடுகிறது. மழை என்று பாடினால் மழை பெய்யும், கண்ணீர் என்றால் கண்ணீர் வழியும். காத்திருப்பைப் பற்றிய ஒரு வரிக்கு, வாசலைப் பார்த்தபடி நிற்கும் பெண்ணைக் காட்டுவது விளக்கம். ஏற்கெனவே துடைத்து வைத்த கோப்பையை அவள் எடுத்து மறுபடியும் துடைப்பதைக் காட்டினால் அது விரிவு. இதற்குச் செலவும் கூடுவதில்லை, யோசனைதான் கூடுதலாக வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். நல்ல காணொளிகளில் விளக்கம் எவ்வளவு சிக்கனமாகக் கையாளப்படுகிறது என்பது அந்தப் பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தாலே விளங்கும்.

குட்வின் சுட்டிய இன்னொன்று, இசை நிறுவனத்தின் தேவை. எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி அலைவரிசை 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்குவதற்கு முன்பிருந்தே இசைக் காணொளி என்பது பாடலை விற்பதற்கான விளம்பரம். பாடகரின் முகத்துக்கு இத்தனை க்ளோஸ்-அப்கள் ஒதுக்கப்படுவதற்கும், ஒருவரின் தொப்பியோ கண்ணாடியோ காணொளிக்குக் காணொளி திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே காரணம். உங்கள் கலைஞருக்கும் அப்படியோர் அடையாளம் வேண்டுமென்றால் உடைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதை முடிவு செய்யுங்கள். எடிட்டிங் மேசையில் அதை உருவாக்க முடியாது. யார் யாரைப் பார்க்கிறார்கள், ஒருவரின் உடல் துண்டு துண்டாகக் காட்டப்படுகிறதா என்பதையும் குறித்துவையுங்கள். பெண்ணுடலை ஆணின் பார்வைக்கு உரியதாகத் திரை அமைக்கும் விதத்தைப் பற்றி திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதிய கட்டுரை இங்கே கைகொடுக்கும். இதைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு, அதே வகை ஃப்ரேம்களைத் தங்கள் ஷாட் லிஸ்டில் எழுதிவரும் மாணவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக, பாடிக் காட்டும் ஷாட்கள் எத்தனை, கதை சொல்பவை எத்தனை என்று எண்ணுங்கள். இந்த விகிதத்தை வைத்துத்தான் உங்கள் படப்பிடிப்பின் கனத்தைக் கணிக்க முடியும். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் குழு இதை எண்ணவில்லை. பாடகரைப் பல்லவி மட்டும் பாடச் சொல்லிப் படமெடுத்துவிட்டு, மற்ற இடங்களைக் கதை நிரப்பிவிடும் என்று நம்பினோம். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது இரண்டாவது இடையிசையில் 18 வினாடிக்குக் கையில் ஒரு ஷாட்கூட இல்லை. ஒரு நடைபாதைக் காட்சியை வேகம் குறைத்துப் போட்டு, அதையே பின்னோக்கியும் ஓடவிட்டு அந்த இடத்தை மூடினோம். மதிப்பிட வந்தவர் முதல் கேள்வியையே அதைப் பற்றித்தான் கேட்டார். அன்றிலிருந்து நான் சொல்லும் விதி ஒன்று: கேமராவை எங்கே நிறுத்தினாலும், அந்த இடத்தில் பாடல் முழுவதையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருமுறையாவது பாடவிட்டு எடுத்துவிட வேண்டும், இடையிசை உட்பட.

பாடுபவர் வெறுமனே வாயசைக்கக் கூடாது. குரல் எழுப்பியே பாட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்வது க்ளோஸ்-அப்பில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். சில காணொளிகளில் தலைமுடியும் துணியும் மெதுவாக மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். அத்தகைய ஷாட்டைப் பதிவேட்டில் கண்டால் உடனே வட்டமிடுங்கள், அது செய்யக்கூடிய வித்தைதான். பாடலின் வேகத்தை இரட்டிப்பாக்கி ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பாடகர் அதே வேகத்தில் பாட, கேமராவை நொடிக்கு 50 ஃப்ரேமில் வைத்து எடுத்து, எடிட்டிங்கில் 25-க்குக் குறைத்தால் உதடு மூலப் பாடலோடு பொருந்திவிடும். ஆனால், 96 பீட் பாடல் அப்போது 192 பீட்டாக ஓடும்; ஒத்திகை இல்லாமல் எந்த நாக்கும் அதற்கு ஈடுகொடுக்காது. எந்த வேகத்தில் ஓடவிட்டாலும், ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் மூன்று ‘பீப்’ ஒலிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் பிற்பாடு ஒத்திசைக்கும் வேலை எளிதாகும்.

இப்போது காலியாக விட்ட ‘நமக்கு’ பத்தியை நிரப்பலாம். அதில் ‘அழகான ஒளியமைப்பு’ போன்ற பாராட்டுகளை எழுதாதீர்கள். ‘சரணத்தில் கேமரா நகரக் கூடாது’, ‘கடைசிப் பல்லவிக்கு மட்டும் வைடு ஷாட்’, ‘ஜன்னல் வெளிச்சம் போதும், விளக்கு வேண்டாம்’ என்பன போல, படப்பிடிப்பில் ஒருவர் கையால் செய்யக்கூடிய முடிவுகளாக அவை இருக்க வேண்டும். அப்படி எழுத முடியாத கவனிப்புகள் கட்டுரைக்கு உதவலாம், திட்டத்துக்கு உதவாது.

நாட்கணக்கும் இந்தப் பத்தியிலிருந்தே பிறக்கும். உங்கள் பாடல் 3 நிமிடம் 20 வினாடி என்று வைத்துக்கொள்வோம், 2.5 வினாடிக்கு ஒரு ஷாட் என்றால் மொத்தம் 80 ஷாட். இதைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஒரே இடம், ஒரே உடை, ஒரே கேமரா நிலை என்று சேர்த்துப் பார்த்தால் அந்த 80-உம் 14 நிலைகளுக்குள் அடங்கிவிடக்கூடும். ஒரு நிலைக்கு ஒளியமைக்க, ஒத்திகை பார்க்க, மூன்று டேக் எடுக்க 40 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 560 நிமிடம், அதாவது 9 மணி 20 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையும் இடம் மாறும் நேரமும் இதில் இல்லை. ஆகையால் ஒன்று நிலைகளைப் பத்தாகக் குறையுங்கள், அல்லது இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு நிலைகளைக் குறைப்பதே நல்லது என்பது என் எண்ணம். இரண்டாம் நாளில் வெளிச்சம் மாறும், யாராவது ஒருவர் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

கால்ஷீட் (படப்பிடிப்பு நாளுக்கான நேர அட்டவணை) போடுவதற்கு முன்பு, கைபேசியில் எடுத்த புகைப்படங்களையோ கிறுக்கிய ஸ்டோரிபோர்டுப் படங்களையோ பாடலின் டைம்லைனில் அதனதன் இடத்தில் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். எந்தச் சுற்று வெறுமையாக இருக்கிறது, எங்கே ஒரே படம் சலிக்கிறது என்பது இதிலேயே வெளிப்பட்டுவிடும். பாடலுக்கான அனுமதியையும் இதற்குள் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை ஒருவரிடமும், பதிவு செய்த ஒலிக்கான உரிமை வேறொருவரிடமும் இருக்கலாம் என்பதால், ஒருவர் சம்மதித்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடாதீர்கள். தெரிந்த நண்பர் தாமே இயற்றிப் பாடிப் பதிவு செய்த பாடல் கிடைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

முதல் தொகுப்பு தயாரானதும், உங்கள் காணொளியையே அந்நியர் எடுத்ததுபோல் பாவித்து, அதே பதிவேட்டில் அதே மூன்று பகுதிகளை ஃப்ரேம் பிசகாமல் பதிவு செய்யுங்கள். பல்லவியின் சராசரியை 2 வினாடி என்று திட்டமிட்டிருக்க, கையில் வந்திருப்பது 3.1 வினாடியாக இருந்தால், எந்த ஷாட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நீட்டி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பதிவேடே காட்டிவிடும். அந்த ஷாட்டிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்.