ஓ.சி.டி. பச்சை என்றால் பிட்யூட்டரி கட்டி இல்லையா?

பினாங்கில் கண் பிரிவுக்குப் புதுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் ஓ.சி.டி.யை (விழித்திரை அடுக்குகளின் தடிமனை ஒளியால் அளக்கும் ஸ்கேன்) படிப்பதில் அதே பழைய தவறுகளும் கூடவே வருகின்றன. வலது இடது மாற்றிப் பதிவதெல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

பச்சையைப் பார்த்து அனுப்பிவிடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பிறை (Prai) ஊரில் லோரி ஓட்டும் ஒருவர் வந்தார். "தம்பி, பக்கத்துல வர்ற மோட்டார் தெரியவே மாட்டேங்குது, ஹார்ன் அடிச்சாத்தான் தெரியுது" என்றார். ஃபீல்ட் டெஸ்டில் (பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை) இரண்டு கண்ணிலும் நெற்றிப்பொட்டுப் பக்க, அதாவது வெளி ஓர, மேல் மூலை கறுத்திருந்தது. ஓ.சி.டி.யில் நரம்பிழை அடுக்கு (பார்வை நரம்பாகச் சேரும் விழித்திரை இழைகள்) முழுக்கப் பச்சை, அதாவது தடிமன் இயல்பு. பயிற்சிப் பையன் எழுதியது: 'ஓ.சி.டி. நார்மல். ஃபீல்ட் ஒழுங்காகச் செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து வரவும்.'

ஆறு மாதம்! அதுவும் லோரி ஓட்டுகிற மனுஷனுக்கு!

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி மேல்நோக்கி வளர்ந்தால், இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் இடத்தைக் கீழிருந்து அழுத்தும். அங்கே மறுபக்கம் கடப்பவை மூக்குப் பக்க விழித்திரையின் இழைகள். அதனால்தான் இரு ஓரமும் மறைகிறது, பெரும்பாலும் மேலிருந்து தொடங்கி. அழுத்தத்தில் சிக்கிய இழை முதலில் சேதி கடத்துவதை நிறுத்தும், சாவது அப்புறம். அந்தச் சேதம் பின்னோக்கி வந்து விழித்திரையில் மெலிவாகத் தெரிய வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். ஓ.சி.டி. அளப்பது தடிமனை. இழை வேலை செய்கிறதா என்று அதற்குத் தெரியாது.

ஆக, ஃபீல்ட் கெட்டு ஓ.சி.டி. பச்சையாக இருந்தால், இழைகள் பெரும்பாலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன, அழுத்தத்தை எடுத்தால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு என்று படியுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு அவசரமாக எழுதுங்கள். அவரைத் திரும்பக் கூப்பிட்டு எடுத்தோம், கட்டி இருந்தது.

சராசரியோடு நிறுத்திக்கொள்வது

மேல், கீழ் இழைக்கற்றைகள் தடிமனானவை, இந்த நோயில் ஓரளவு தப்பிப்பவை. அதனால் சராசரித் தடிமனின் மைக்ரான் கணக்கு ஏமாற்றும். ஓ.சி.டி.யிலேயே கேங்லியன் செல் (அந்த இழைகள் கிளம்பும் செல்கள்) வரைபடத்தைத் திறங்கள். பார்வை மையத்தின் வழியே செங்குத்தாக ஒரு கோடு போட்டதுபோல், இரு கண்ணிலும் மூக்குப் பக்கப் பாதி மட்டும் மெலிந்திருக்கிறதா? நரம்பிழை அடுக்கு மெலியும் முன்பே பல நேரம் இங்கே தெரிந்துவிடும்.

க்ளாகோமா முத்திரை

கண் அழுத்தம் சரி, நரம்பு மெலிவு என்றதும் க்ளாகோமா (கண் அழுத்த நோய்; அழுத்தம் சரியாக இருந்தும் வரலாம்) என்று சொட்டு மருந்து எழுதக் கை பரபரக்கும். க்ளாகோமா பெரும்பாலும் மேல், கீழ் இழைகளைத் தாக்கும், ஃபீல்டில் படுக்கைக் கோட்டை மதிக்கும், அதாவது கறுப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டோடு நிற்கும். கட்டி மதிப்பது செங்குத்துக் கோட்டை. நரம்பு குழிவதைவிட வெளிறியிருந்தால் மறுபடி யோசியுங்கள்.

அதிகக் கிட்டப்பார்வையில் சிவப்பு

நீண்ட கண்ணில் இழைகளின் பாதை நகர்ந்திருக்கும். மெலிவு என்று ஸ்கேன் காட்டும் சிவப்பைக் கண்டு உடனே அலறாதீர்கள்.

சிக்னல் குறைந்த ஸ்கேன்

திரும்ப எடுங்கள்.

மெலிந்துவிட்டது, இனி வீண் என்பது

மெலிந்த நரம்பில் முழுமையாகத் தேறும் வாய்ப்பு குறைவு, உண்மைதான். ஆனால் இருக்கிற பார்வையைக் காப்பதும் சிகிச்சைதான். புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி கட்டி என்றால் காபர்கோலின் மாத்திரையிலேயே பெரும்பாலும் சுருங்கும். சிகிச்சைக்குப் பிறகு ஃபீல்ட் தேறினாலும் இழந்த தடிமன் திரும்பாது; சில மாதம் இன்னும் கொஞ்சம் மெலியவும் கூடும். அந்தப் படத்தை நோயாளியிடம் நீட்டி, ஆபரேஷன் தோற்றுவிட்டதாகப் பயமுறுத்தாதீர்கள்.