வெயில் மாதங்களில் எட்டுப் பக்கச் சித்திரக்கதை வரையும் முறை

பினாங்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. எனினும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்கள் எழும் நாள் தொடங்கி மார்ச் மாதம் முடியும்வரை ஜார்ஜ் டவுன் தெருக்களில் நண்பகலில் கால் வைக்க முடியாத வெயில் அடிக்கிறது. சித்திரக்கதை வரைபவருக்கு இம்மாதங்களே உகந்தவை என்று நான் நம்புகிறேன். காலையில் வெளியே கண்டதையும் கேட்டதையும் பகலில் வீட்டுக்குள் உட்கார்ந்து வரைய வேண்டிய கட்டாயத்தை வெயிலே உண்டாக்கிவிடுகிறது. அத்தகைய ஒரு வெயில் காலத்தில், எட்டுப் பக்கம் கொண்ட சிறு கதைப்புத்தகத்தை ஒரே தாளில் வரைந்து முடிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன். தமிழில் வரைபவர் முதலில் எழுத்தை அமைக்க வேண்டும், அதன் பிறகே படத்தைத் தொட வேண்டும் என்பதுதான் இவ்வழியின் அடிப்படை.

முதல் இரண்டு வாரங்களுக்குக் கதையைத் தேட வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஒரு சிறு குறிப்பேட்டுடன் ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவிலுள்ள லெபோ பாசார் தெருப் பக்கம் சென்று, பசியாறும் கடை ஒன்றில் அமருங்கள். குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் படம், வலப்பக்கத்தில் காதில் விழுந்த பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். தே தாரிக் எனும் இழுத்து ஆற்றும் பால் தேநீரை ஆற்றுபவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வலக்கை தலைக்கு மேலேயும் இடக்கை இடுப்புக்குக் கீழேயும் இருக்க, அவர் கண்கள் குவளையைப் பார்ப்பதில்லை. வாசலில் நுழையும் வாடிக்கையாளரைப் பார்க்கின்றன. அந்தப் பார்வையை வரைந்துவிட்டால் தேநீரின் நீண்ட கோட்டை எப்படி வளைத்தாலும் படம் உயிரோடு நிற்கும். அதே வேளையில் பின்னாலிருந்து ஒருவர், “அண்ணே, நாசி ஒன்னு புங்குஸ், கொழம்பு பாஞ்சிர்” (சோறு ஒன்று பொட்டலம், குழம்பு நிறைய) என்று மலாய் கலந்து சொன்னால் அதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முகத்தை அடையாளம் தெரியும்படி வரைந்தால் அவரிடம் காட்டி ஒப்புதல் கேட்டுவிடுவது நல்லது.

பிறகு தாளைத் தயார் செய்யலாம். ஏ3 தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகவும் அகலவாக்கில் நான்காகவும் மடித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். நடுக் கோட்டில், இடமிருந்து முதல் மடிப்புக்கும் மூன்றாம் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் வெட்டி, தாளை நீளவாக்கில் மடித்து இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகமாகிவிடும். முதலில் ஒரு வெற்றுத்தாளில் இதைச் செய்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதிப் பிரித்துப் பாருங்கள். மேல் வரிசை தலைகீழாக நிற்பதையும், முன்னட்டையும் பின்னட்டையும் கீழ் வரிசையின் வலது ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதையும் கண்ணால் கண்டால் பக்கம் மாறி வரையும் தவறு நேராது. ஏ3 தாளில் வரைந்ததை 71 விழுக்காடாகக் குறைத்தால் ஏ4 தாளில் அமையும். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் அகலமும் 105 மில்லிமீட்டர் உயரமும் இருக்கும். இவ்வளவு சிறிய பக்கத்தில் இரண்டு படக்கட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

இனி எழுத்து. “வந்துகொண்டிருக்கிறார்கள்” என்ற ஒரே சொல்லில் 13 எழுத்துகள் உள்ளன. அதையே பேச்சில் “வர்றாங்க” என்றால் ஐந்து எழுத்துகளில் முடிந்துவிடுகிறது. படத்தை முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சிய மூலையில் பேச்சுக்குமிழை நுழைக்க முயன்றவர்களுக்கு இதன் வலி தெரியும்: சொல் இரண்டாக உடையும், அல்லது கதாபாத்திரத்தின் காதை மறைக்கும். ஆகவே கட்டத்தில் முதலில் பேச்சை எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைந்து, எஞ்சிய இடத்துக்கு ஏற்ப ஆட்களை நிறுத்துங்கள். குமிழுக்குள் பேச்சுத் தமிழும், கதை சொல்லும் பெட்டிக்குள் எழுத்துத் தமிழும் இருக்கட்டும். இரண்டும் தனித்தனியே நின்றால்தான் யார் பேசுகிறார், யார் கதை சொல்கிறார் என்பது குழந்தைக்கும் விளங்கும்.

தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் விரியக்கூடியது. ‘கி’ மேலே வளைகிறது, ‘கு’வும் ‘ழு’வும் கீழே இறங்குகின்றன. ஆகையால் வரிகளுக்கிடையே ஏறத்தாழ ஓர் எழுத்தின் உயரத்துக்கு இடைவெளி விட வேண்டும். அச்சில் எழுத்து 3 மில்லிமீட்டர் உயரமாவது இருக்க வேண்டுமென்றால், ஏ3 தாளில் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக எழுதுங்கள். 0.5 மில்லிமீட்டர் முனைப் பேனாவால் வைத்த மெய்யெழுத்துப் புள்ளி, குறைத்து அச்சிடும்போது எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், 0.3 பேனாவால் சற்று உயர்த்தி வைத்தால் தெளிவாக நிற்கும். கொம்பை ஒரு வரியிலும் அதற்குரிய எழுத்தை அடுத்த வரியிலும் விட்டுவிடாதீர்கள். இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கதை 1960-களில் நடப்பதாக இருந்தால், கடைப் பலகையில் வரும் ‘லை’, ‘ணை’ ஆகியவற்றை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவில் எழுத வேண்டும். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல்தான். பெரியவர்கள் இந்த ஒரு வளைவைக் கண்டே கதையின் காலத்தை நம்பிவிடுவார்கள்.

ஒலிச்சொற்களுக்கு ஆங்கிலப் படக்கதைகளை நாட வேண்டிய தேவை நமக்கு இல்லை. கடகட, சலசல, மடமட, நெறுநெறு என்று இரட்டைக்கிளவியின் களஞ்சியமே நம்மிடம் உள்ளது. அது பிரிந்தால் பொருள் தராது என்பது இலக்கண விதி. சித்திரக்கதையிலும் அதன் இரு பாதிகளை இரு கட்டங்களில் பிரித்துப் போடக் கூடாது. தைப்பூச ரதத்தின் முன் தேங்காய் உடைபடும் காட்சியில், சிதறும் சில்லுகளின் திசையிலேயே ‘சடசட’ என்ற எழுத்துகளையும் சாய்த்து எழுதினால், கண்ணுக்குப் படமும் காதுக்கு ஒலியும் ஒன்றாகச் சேரும்.

மையிடும் வேலையில் ஈரப்பதமே பகை. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தாளில் மை இழை இழையாகப் பரவும். வாங்கிய தாள்களை வாய் மூடும் நெகிழிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வையுங்கள். உள்ளங்கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும். ஒருமுறை அதை மறந்ததால், மூன்று நாள் உழைத்த பக்கம் முழுவதும் என் வியர்வையில் கரைந்து போனது. மின்விசிறியை நேரே தாளின் மீது திருப்பினால் தூரிகைப் பேனாவின் முனை காய்ந்துவிடும் என்பதால் அதைச் சுவரை நோக்கித் திருப்பி வையுங்கள். மை நன்றாகக் காயும்வரை பென்சில் கோட்டை அழிக்காதீர்கள்.

ஏழாம் பக்கத்தை இந்த மாதம் உங்களுக்குப் பிடித்தவற்றுக்கு ஒதுக்குங்கள். பெயர்ப் பட்டியல் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தையும் ஒரு சிறு படத்தையும் தர வேண்டும். என் பக்கத்தில் இம்முறை மூன்று இடம்பெற்றுள்ளன. முதலாவது, மலேசியக் கேலிச்சித்திரக் கலைஞர் லாட் 1979-இல் வெளியிட்ட ‘கம்போங் பாய்’: கட்டங்களை நம்பாமல், பக்கம் முழுவதையும் படத்துக்கே கொடுத்துவிடும் துணிவுக்காக. இரண்டாவது, ஜார்ஜ் டவுன் சுவர்களில் பொருத்தப்பட்டுள்ள இரும்புக் கம்பிச் சித்திரங்கள்: ஒரு தெருவின் வரலாற்றை ஒரே காட்சியில் சொல்வது எப்படி என்பதை இவற்றைவிட நன்றாகக் கற்பிக்கும் பள்ளி வேறில்லை. மூன்றாவது, என் மாமா பாதுகாத்து வைத்திருக்கும் பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள். 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய அந்த வரிசையில், மொழிபெயர்த்த பேச்சை அயல்நாட்டுக் குமிழ்களுக்குள் அடக்க அவர்கள் பட்ட பாட்டை இப்போது வரைபவனாகப் பார்க்கும்போது மதிப்புக் கூடுகிறது.

கடைசியாக நகலெடுப்பது. நகல் இயந்திரங்கள் தாளின் ஓரம்வரை அச்சிடுவதில்லை; ஏ3 தாளில் நான்கு புறமும் 10 மில்லிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். முதலில் ஒரே ஒரு படி எடுத்து மடித்து, உங்கள் குறிப்பேட்டில் யாருடைய பேச்சு இருக்கிறதோ அவரிடமே கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நான் என் படியைத் தே தாரிக் ஆற்றும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் இரண்டு இடங்களில் தடுமாறினார். இரண்டிலும் வரியை நான் தவறான இடத்தில் உடைத்திருந்தேன். அந்த இரு குமிழ்களையும் வெள்ளைத் தாளில் திருத்தி எழுதி மேலே ஒட்டிய பிறகே, ஜார்ஜ் டவுனின் கலைக்கூடமான ஹின் பஸ் டிப்போவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வேண்டிய மற்றப் படிகளை எடுத்தேன்.