தொடக்க லெவல்: எண்ணைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

ரோல்-பிளேயிங் வீடியோ கேமில் கேரக்டரை உருவாக்கும் திரையில் கிளாஸ்கள், அதாவது தொடக்க வகைகள், வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் பக்கத்தில் லெவல் 10 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் லெவல் 1. புதிதாக ஆட வருகிறவர் 10-ஐப் பார்த்ததும் அதுதான் பலசாலி என்று எடுத்துக்கொள்கிறார். கொஞ்சம் கேள்வி ஞானம் உள்ளவர் 1-ஐத் தேர்ந்தெடுக்கிறார்; எல்லாப் புள்ளிகளையும் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு கணக்குமே தப்பு. தொடக்க லெவல் என்பது, நீங்கள் ஆட உட்காரும் முன்பே உங்கள் பெயரில் செலவாகிவிட்ட புள்ளிகளின் எண்ணிக்கை. அவை எதற்குச் செலவாகியிருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்டன் ரிங்கை (2022) வைத்து இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் அதில் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. விகர் (உயிரின் அளவு), மைண்ட் (மந்திரம் போடும் சக்தி), எண்டூரன்ஸ் (தெம்பு), ஸ்ட்ரெங்த் (உடல் பலம்), டெக்ஸ்டெரிட்டி (லாவகம்), இன்டெலிஜென்ஸ், ஃபெய்த் (இரண்டும் மந்திர வகைகளுக்கு), ஆர்க்கேன் என்று எட்டு ஸ்டாட்கள், அதாவது கேரக்டரின் திறன் எண்கள். எட்டையும் கூட்டி 79-ஐக் கழித்தால் உங்கள் லெவல் வந்துவிடும். ரெட்ச் கிளாஸுக்கு எட்டும் 10, மொத்தம் 80, எனவே லெவல் 1. வேகபாண்டின் மொத்தம் 88, லெவல் 9. கன்ஃபெஸருக்கு 89, லெவல் 10. எந்தக் கிளாஸுக்கும் மறைமுகச் சலுகை கிடையாது. ரெட்சை எட்டு லெவல் ஏற்றினால் மொத்தத்தில் அது வேகபாண்டுக்குச் சமம். புள்ளிகள் இருக்கும் இடம் மட்டும்தான் வேறு.

அதிக லெவல், அதிக பலம் என்று நினைப்பது

ஆட்டத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இதில் சற்று உண்மை உண்டு. மெலினா என்ற வழிகாட்டிப் பெண் வந்து பேசும் வரை லெவல் ஏற்ற முடியாது. கேட்ஃப்ரண்ட் பகுதியின் கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடம்) ஓய்வெடுத்தால் வந்துவிடுவாள். அதுவரை கையில் கொடுத்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அங்கேயும் வித்தியாசத்தை உண்டாக்குவது பெரும்பாலும் ஆயுதமும் கவசமும்தான். ரெட்ச் ஒரு தடியோடு, கவசம் எதுவும் இல்லாமல் வருகிறது. வேகபாண்டுக்கு உடல் முழுக்கக் கவசம், வாள், ஹால்பெர்ட், சாதாரண வெட்டுக்குத்தை முழுவதுமாகத் தடுக்கும் கேடயம் எல்லாம் கிடைக்கின்றன. சாமுராயிடம் உச்சிகதானாவோடு வில்லும் இருக்கிறது. அஸ்ட்ராலஜர் லெவல் 6 தான், விகரும் 9 தான். ஆனாலும் தூரத்தில் நின்றே மந்திரம் எறியத் தெரிந்ததால், லெவல் 10 கன்ஃபெஸரைவிட முதல் சில சண்டைகளை அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும்.

லெவல் ஏற்றக் கொடுக்க வேண்டிய ரூன் (எதிரிகளை வீழ்த்திச் சேர்க்கும் நாணயம்) விலையையும் பார்த்துவிடலாம். லெவல் 1-லிருந்து 2-க்குப் போக 673 ரூன், 8-லிருந்து 9-க்கு 793. ரெட்சை 9 வரை கொண்டுவர ஆகும் மொத்தச் செலவு 5,856 ரூன். மார்கிட் என்ற ஆரம்பக்கட்டப் பாஸை (பெரிய எதிரி) வீழ்த்தினால் கிடைப்பது 12,000. அதாவது ஒரே ஒரு பாஸ் அந்த இடைவெளியை இரண்டு முறை மூடிவிடும். ஆனால் லெவல் 100-இல் ஒரு படி ஏற அறுபதாயிரத்துக்கு மேல் ஆகிறது. 150-ஐ நெருங்கும்போது ஒன்றரை லட்சம். ஆரம்பத்தில் ஐந்து லெவல் பின்தங்கி இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். பயன்படாத ஸ்டாட்டில் ஐந்து புள்ளி மாட்டிக்கொண்டால்தான் பிரச்சினை, ஏனென்றால் அதை ஈடுகட்டுவதற்கான விலையைக் கடைசியில், ஏழு லட்சம் ரூனுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும்.

லெவல் 1-இல் தொடங்கினால் முழுச் சுதந்திரம் என்று நம்புவது

அனுபவம் உள்ளவர்களும் சறுக்கும் இடம் இது. ரெட்சின் எட்டு ஸ்டாட்டும் 10 என்றால், நீங்கள் தொடவே போகாத ஸ்டாட்களும் 10 தான். அவற்றைக் குறைத்து வேறு இடத்துக்கு மாற்ற வழியில்லை.

கனமான ஆயுதம் தூக்கும் ஸ்ட்ரெங்த் பில்ட் (புள்ளிகளைப் பிரித்துப் போடும் திட்டம்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். மைண்ட், இன்டெலிஜென்ஸ், ஃபெய்த், ஆர்க்கேன் நான்கும் அதற்குத் தேவையில்லை. ஹீரோவில் அந்த நான்கும் 9, 7, 8, 11, கூட்டினால் 35. வேகபாண்டில் 10, 9, 9, 7; அதுவும் 35. சாமுராய்க்கு 36, வாரியருக்கு 39, ரெட்சுக்கு 40, ஆர்க்கேனில் 14 வைத்திருக்கும் பேண்டிட்டுக்கு 42. லெவல் 125-இல் நிறுத்துவதாக வைத்துக்கொண்டால் மொத்தப் புள்ளிகள் 204. ஹீரோவுக்கு 169 மிஞ்சுகிறது: விகர் 60, எண்டூரன்ஸ் 30, ஸ்ட்ரெங்த் 54, டெக்ஸ்டெரிட்டி 25. அதே லெவலில் ரெட்சுக்கு மிஞ்சுவது 164, எனவே டெக்ஸ்டெரிட்டி 20-இல் நின்றுவிடும். (ஸ்ட்ரெங்த் ஏன் 54 என்றால், ஆயுதத்தை இரு கைகளாலும் பிடித்தால் அது ஒன்றரை மடங்காகி 81 ஆகிறது. 80-க்கு மேல் ஏற்றினால் கிடைக்கும் பலன் சட்டென்று குறைந்துவிடும்.)

ரெட்சுக்கு உண்மையிலேயே பொருத்தமான ஓர் இடம் உண்டு: லெவல் 1-ஐத் தாண்டாமலே ஆட்டத்தை முடிக்கும் சவால். அதற்கு வேறு கிளாஸே கிடையாது. ஆனால் இந்தப் பழக்கத்தை அப்படியே டார்க் சோல்ஸுக்கு (2011) கொண்டுபோகாதீர்கள். அங்கே கவசம் இல்லாமல் பரிதாபமாகத் தெரியும் டிப்ரைவ்ட் லெவல் 6-இல் தொடங்குகிறது. லெவல் 1 பைரோமேன்சர்தான்.

ஆயுதத்தை முடிவு செய்யாமல் கிளாஸை முடிவு செய்வது

முதலில் ஆயுதம், பிறகு கிளாஸ். கிரேட்ஸ்வோர்டுக்கு ஸ்ட்ரெங்த் 31, டெக்ஸ்டெரிட்டி 12 வேண்டும். இரு கைப் பிடியில் ஸ்ட்ரெங்த் 21 போதும். ஹீரோவுக்கு (ஸ்ட்ரெங்த் 16, டெக்ஸ்டெரிட்டி 9) ஐந்தும் மூன்றுமாக எட்டுப் புள்ளி ஏற்ற வேண்டும். லெவல் 15-இல் வாள் கையில். வேகபாண்டுக்கு (14, 13) ஏழு புள்ளிதான், ஆனால் 9-லிருந்து கிளம்புவதால் லெவல் 16 ஆகிறது. ஒரு லெவல்தான் வித்தியாசம். வேகபாண்டின் விகர் ஒன்று கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அதுவும் மறைந்துவிடுகிறது. இந்த வாளைப் பொறுத்தவரை உங்களுக்குப் பிடித்த கவசத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.

மந்திரவாதிகளுக்கு நிலைமை வேறு. மந்திரம் மட்டுமே எறிவது என்றால் எண்டூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, ஃபெய்த், ஆர்க்கேன் ஐந்தும் ஓரமாகக் கிடக்கும். அஸ்ட்ராலஜரில் அவற்றின் கூட்டல் 45, ரெட்சில் 50, பிரிசனரில் 51. இங்கே அஸ்ட்ராலஜரை மிஞ்ச ஆள் இல்லை. அதே நபர் மூன்வேல் கத்தியையும் பிடிக்க நினைத்தால் ஸ்ட்ரெங்த் 12, டெக்ஸ்டெரிட்டி 18, இன்டெலிஜென்ஸ் 23 தேவைப்படுகிறது. கத்தி வீசி உருள்வதற்கு எண்டூரன்ஸையும் ஏற்றியாக வேண்டும். இப்போது வீணாவது ஃபெய்த்தும் ஆர்க்கேனும் மட்டும்: அஸ்ட்ராலஜருக்கு 16, பிரிசனருக்கு 15. லெவல் 9 பிரிசனர் ஒரு புள்ளி முந்திவிடுகிறது. ஆயுதம் மாறியதும் சரியான கிளாஸும் மாறிவிட்டது, பாருங்கள்.

ஆயுதத் தகுதிக்கு ஒன்றிரண்டு புள்ளி இடிக்கிறது என்பதற்காகக் கிளாஸையே மாற்றவும் வேண்டாம். ராடகனின் சோர்சீல் தாயத்து விகர், எண்டூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி நான்கையும் தலா ஐந்து உயர்த்துகிறது. பதிலுக்கு நீங்கள் வாங்கும் அடி 15 சதவீதம் கூடும் என்பதால் நடு ஆட்டம் வரைக்கும்தான் அது நல்லது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது

ரெனாலா என்ற பாஸை வென்ற பிறகு அவளிடம் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் புள்ளிகளைத் திரும்பப் பிரித்துப் போடலாம். ஆனால் தொடக்கக் கிளாஸ் கொடுத்த அளவுக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. பேண்டிட்டாகத் தொடங்கியவருக்கு ஆர்க்கேன் 14 கடைசி வரை 14 தான். முதல் டார்க் சோல்ஸில் இந்த வசதியே இல்லை.

தொடக்கத்தில் கிடைக்கும் லெவல்களை அடிபலத்தில் கொட்டுவது

தொடக்க லெவல் குறைவாக இருப்பதாகப் பதறுகிறவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இது. ஆயுதத்தின் ஸ்கேலிங் (ஸ்டாட் ஏறினால் ஆயுதத்தின் அடி எவ்வளவு ஏறும் என்பது) இன்னும் பலவீனமாக இருக்கும்போது ஸ்ட்ரெங்த்தில் போடும் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றிரண்டு டேமேஜைத்தான் கூட்டும். ஸ்மிதிங் ஸ்டோன் என்ற மேம்பாட்டுக் கல்லைப் போட்டு ஆயுதத்தை +3 ஆக்கினால் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். எனவே ஆயுதத்தைத் தூக்கும் தகுதி வந்ததும் மீதியை விகரில் போடுங்கள். விகர் 10-இல் உயிர் 414, 15-இல் 522, 25-இல் 800, 40-இல் 1,450, 60-இல் 1,900. ஒரு புள்ளிக்கு அதிகம் கிடைப்பது 25-க்கும் 40-க்கும் நடுவில்தான், கிட்டத்தட்ட 43. அறுபதைத் தாண்டினால் ஒரு புள்ளிக்கு ஐந்து தேறினாலே பெரிது.

நண்பர்களோடு ஆடுகிறவர்கள் லெவலைப் பற்றி இன்னொரு கவலையும் படுகிறார்கள்: ஒருவர் 1, இன்னொருவர் 10 என்று தொடங்கினால் சேர்ந்து ஆட முடியாதோ என்று. பாஸ்வேர்டு போட்டுச் சேர்ந்தால் லெவல் வரம்பு இல்லை, அதிக லெவலில் இருப்பவரின் பலத்தை ஆட்டமே குறைத்துக்கொள்ளும். பாஸ்வேர்டு இல்லாமல் முன்பின் தெரியாதவர்களோடு சேரும்போது லெவலோடு, உங்களிடம் இருந்தவற்றில் அதிகம் மேம்படுத்திய ஆயுதத்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கும். லெவல் 20-இலேயே ஆயுதத்தை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டு ஆள் கிடைக்கவில்லை என்று தவிப்பது இதனால்தான்.

வேறு ஆட்டங்களுக்கு அதே கணக்கைப் போடுவது

பால்டர்ஸ் கேட் 3-இல் எல்லோரும் லெவல் 1-இல்தான் தொடங்குகிறார்கள், உச்சம் 12. அங்கே எண்ணைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை, ஆனால் அந்த முதல் லெவலை எந்தக் கிளாஸில் எடுக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். முதல் லெவல் ஃபைட்டர் என்றால் கனமான கவசம் அணியும் தகுதியும் கான்ஸ்டிடியூஷன் சேவிங் த்ரோவில் (உடல் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் பகடை) தேர்ச்சியும் கிடைக்கும். விசார்டாகத் தொடங்கி இரண்டாவது லெவலில் ஃபைட்டரைச் சேர்த்தால் இரண்டுமே வராது. ஃபைட்டர் 1, விசார்ட் 11 என்று போனாலும் ஆறாம் நிலை மந்திரங்கள் கிடைத்துவிடும். விசார்ட் 12-இல் வரும் கடைசி ஃபீட்டை (கூடுதல் சிறப்புத் திறன்) மட்டும் இழப்பீர்கள். வரிசை பிசகிவிட்டதா? முகாமில் இருக்கும் விதர்ஸ் என்ற கேரக்டரிடம் 100 கோல்டு கொடுத்துவிட்டு லெவல் 1-லிருந்து திரும்பக் கட்டலாம். எல்டன் ரிங்கைப் போல இங்கே பழைய கிளாஸ் காலைப் பிடித்து இழுக்காது.

பால்டர்ஸ் கேட் 2 நேர் எதிர். புதிய கேரக்டருக்கு 89,000 அனுபவப் புள்ளிகளைக் கொடுத்துத் தொடங்குகிறது. அதே புள்ளிக்குத் தீஃப் லெவல் 8 ஆகிறது, ஃபைட்டரும் மேஜும் 7 தான். ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனிப் பட்டியல் என்பதால் அப்படி. தீஃப்பின் 8-ஐ மேஜின் 7-ஓடு ஒப்பிட்டு முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள், நான்காம் நிலை மந்திரம் போடும் மேஜுக்கு அந்த ஒரு லெவல் ஒரு பொருட்டே இல்லை. த்ரோன் ஆஃப் பால் என்ற விரிவாக்கப் பகுதிக்கு நேராகப் போனால் 25 லட்சம் புள்ளிகளோடு நிற்கலாம், ஆனால் நாற்பது ஐம்பது மந்திரங்கள் கொண்ட புத்தகத்தை முதல் சண்டையிலேயே பழக வேண்டியிருக்கும். முதல் பாகத்திலிருந்து கேரக்டரைக் கொண்டுவருகிறவருக்கு, அங்கே கிடைக்கும் ஸ்டாட் ஏற்றும் நூல்களின் பலனும் நிரந்தரமாகக் கூடவே வரும். அந்த நூல்கள் ஸ்ட்ரெங்த்துக்கு ஒன்று, டெக்ஸ்டெரிட்டிக்கு ஒன்று என்று இருக்க, விஸ்டமுக்கு மட்டும் மூன்று. கிளெரிக் ஆட நினைப்பவர் நேராக இரண்டாம் பாகத்தில் இறங்கினால் அந்த மூன்றையும் இழக்கிறார்.