பாடி வாஷ் வாங்கப் போறீங்களா? பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

பாட்டிலின் முன்பக்கம் வேப்பிலை, பால், தேன் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். அதிகம் சேர்த்த பொருள் முதலில், குறைந்தது பின்னால். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போடலாம். முதல் பெயர் தண்ணீராகத்தான் இருக்கும். அடுத்த நான்கைந்து பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது. ‘பர்ஃபியூம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருகிற மூலிகைச் சாறுகள் பெரும்பாலும் பேருக்குத்தான்.

முதலில் அழுக்கெடுக்கும் பொருளைத் தேடுங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட்டும் சோடியம் லாரெத் சல்ஃபேட்டும் ஒன்றல்ல. ‘லாரில்’ தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்து வழித்துவிடும். துவட்டி முடிப்பதற்குள் கெண்டைக்கால் வெள்ளை பூத்து, நகத்தால் கீறினால் கோடு விழும். ‘லாரெத்’தின் மூலக்கூறு பெரியது, தோலுக்குள் அவ்வளவாக இறங்காது. கூடவே கோகமிடோப்ரோபில் பீட்டெய்ன் இருந்தால் எரிச்சல் இன்னும் குறையும். டெசில் குளுக்கோசைடு, சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் இரண்டும் அதைவிட இதம்; விலைதான் கூட. ‘சல்ஃபேட் இல்லை’ என்று எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். உள்ளே சோடியம் ஓலிஃபின் சல்ஃபோனேட் இருக்கலாம். பெயரில் சல்ஃபேட் இல்லை, ஆனால் அதுவும் காட்டமாகவே கழுவும்.

அடுத்தது உங்கள் வீட்டுத் தண்ணீர். மதுரையை அடுத்த திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் உப்புப் போர்த்தண்ணியில் குளிப்பவர்களுக்கு இது முக்கியம். சில பாடி வாஷ்கள் திரவ வடிவில் இருக்கும் சோப்புதான். லாரிக் ஆசிட், மிரிஸ்டிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மூன்றும் பட்டியலின் முன்பாதியில் சேர்ந்து வந்தால் அது சோப்பு என்று அர்த்தம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளி ஓரத்தில் படிகிற அதே வெள்ளைப் பிசுக்கு தோலிலும் தங்கி அரிப்பைக் கிளப்பும். போதாததற்கு, சோப்பின் பிஎச், அதாவது காரத்தையும் அமிலத்தையும் காட்டும் அளவு, 9, 10 என்று இருக்கும். தோலுக்கு 5 ஒட்டி இருந்தால்தான் சரி.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு காலி பாட்டிலை எடுத்து, ஒன்றில் பாதிக்குப் போர்த்தண்ணி, மற்றதில் பாதிக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டிலும் ஐந்து சொட்டு பாடி வாஷ் விட்டுப் பத்து முறை குலுக்குங்கள். போர்த்தண்ணி பாட்டிலில் மட்டும் நுரை அமுங்கி, தண்ணீர் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது.

ஈரம் காப்பதில் கிளிசரின் போதும், முதல் ஐந்து பெயருக்குள் வந்தால் நல்லது. பெட்ரோலேட்டம் (வாஸ்லினில் இருப்பது), ஷியா பட்டர் சேர்த்த கெட்டி வகையை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் வேர்க்குரு உள்ள உடம்புக்கு அந்தப் பிசுபிசுப்பு ஆகாது. மென்தால் ஜில்லென்று காட்டும், சூட்டைக் குறைக்காது. முதுகுப் பருவுக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் உதவும், ஆனால் தேய்த்ததும் கழுவினால் வீண். இரண்டு நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். வைட்டமின் சி-க்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அது சாக்கடைக்குத்தான் போகும். தேமலும் படர்தாமரையும் சாதாரணப் பாடி வாஷுக்குப் போகாது, டாக்டரைப் பாருங்கள்.

புதிதாக வாங்கியதை மூன்று நாள் முன்கையில் மட்டும் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். அப்படியே தடவி ஊறவிடக் கூடாது, அப்படி ஊறினால் நல்ல தோலும் சிவக்கும். சிவப்போ அரிப்போ வந்தால் வாசனைப் பொருளையும், மீதைல்ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு குளியலுக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 மில்லி தாராளம். அக்குள், தொடையிடுக்கு, பாதம், முதுகு என்று வியர்க்கும் இடங்களுக்குத்தான் நுரை வேண்டும். கை காலுக்கு வழிகிற நுரையே போதும். உடம்பு தேய்க்கும் நாரைப் பிழிந்து வெயிலில் காயவையுங்கள், குளியலறைக் கொக்கியில் ஈரமாகத் தொங்கவிட்டால் கிருமி குடியேறிவிடும். தீரப்போகும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம். பல வகைகளில் கெட்டித்தன்மை சாதாரண உப்பால் வருவது, தண்ணீர் பட்டால் நீர்த்து ஓடும். பதப்படுத்தியும் வலுவிழந்து, நாளடைவில் வாடை வரலாம். கவிழ்த்து வைத்து, வடிவதை அன்றன்றைக்குப் பயன்படுத்துங்கள்.