நின்று நின்று விழும் லாந்தர் ஸ்டாண்ட்

முகாமில் லாந்தர் தொங்கவிட மடிக்கிற ஸ்டாண்ட் ஒன்று செய்தேன். அலுமினியக் குழாய், மூன்று கால், மேலே பக்கவாட்டில் 40 செ.மீ. நீட்டிய கை. வெள்ளவத்தை மொட்டை மாடியில் வைத்தால் முதலில் அசையாமல் நிற்கும். கடற்காற்று எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் சரிந்து கிடக்கும்.

நடுவில் மணல் பை கட்டினேன். கொஞ்சம் பிந்தி விழுந்தது. புறக்கோட்டையில் தடித்த குழாய் வாங்கி மாற்றியும் அதே கதைதான். கால்களை இன்னும் அகட்டலாம், ஆனால் இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

கடைசியில், கை ஒரு காலுக்கு நேர் மேலே இருக்கும்படி வைத்து, அது நடுக்கம்பத்தோடு செருகிச் சேரும் மூட்டின் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டேன். விழுந்த பிறகு பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து, கை இரு கால்களுக்கு நடுவே திரும்பியிருந்தது. தொங்கும் லாந்தரைக் காற்று தள்ள, உருண்டைக் குழாய் மூட்டுக்குள் மெல்லச் சுழன்றிருக்கிறது.

விஷயம் அங்கேதான். கால் நுனி நடுவிலிருந்து 60 செ.மீ. தூரம். ஆனால் இரு நுனிகளை இணைக்கும் கோடு, மூன்று கால் ஸ்டாண்டில், நடுவிலிருந்து அதில் பாதித் தூரத்தில்தான்: 30. லாந்தர் அதைத் தாண்டி வெளியே தொங்கியது. பிறகு ஒரு வீச்சே போதும்.

கையைக் காலுக்கு நேராகத் திருப்பி, இரு குழாய்களையும் செருகியபடியே சேர்த்துத் துளைத்து, 6 மி.மீ. போல்ட் போட்டேன். தனித்தனியாகத் துளைத்தால் ஓட்டைகள் ஒத்துவராது. கால்கள் பூட்டியிருக்கும் வளையத்துக்கும் அப்படியே ஒன்று. இல்லாவிட்டால் நடுக்கம்பம் முழுதாகத் திரும்பும். மணல் பை இப்போது தேவையில்லை.