ஆட்டு ரோமத்தை அலசி நூலாக்குவது: கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் போதும்

காரைக்குடி வெயிலில் கம்பளி எதற்கு ஆச்சி என்று கேட்காதவர்கள் பாக்கியில்லை. ஊஞ்சல் பலகைக்கு ஒரு விரிப்பு வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) ஏழெட்டுப் பேர் நூல் நூற்கிற தக்ளியோடு உட்கார்ந்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு வாராவாரம் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

எந்த ரோமம்?

நம் பக்கம் வயலில் கிடை போடுகிற ஆடுகளை நம்பாதீர்கள். நான் கேட்டுப் பார்த்தேன். "இது கறி ஆடு ஆச்சி, இதுல கம்பளிக்கு எங்க போறது" என்று ஆடு மேய்க்கிற கீதாரி சிரித்துவிட்டார். ராமநாதபுரம் வெள்ளை என்கிற அந்தச் செம்மறியின் உடம்பில் இருப்பது குட்டை முடி, நூலுக்கு ஆகாது. திருச்சி, பெரம்பலூர் பக்கத்துக் கருங்குறும்பைச் செம்மறி வேண்டும், இல்லையென்றால் நீலகிரி ஆடு. கருங்குறும்பை முரட்டு ரோமம், விரிப்புக்கும் பைக்கும் நன்றாக உழைக்கும். நீலகிரியில் மெரினோ போன்ற சீமை ஆடுகளின் கலப்பு உண்டு, மெத்தென்று இருக்கும், பிசுக்கும் அதிகம். முதல் தடவைக்குக் கருங்குறும்பை வாங்குங்கள், கெட்டுப்போனாலும் மனம் அடித்துக்கொள்ளாது.

உதறிப் பிரிப்பது

பழைய வேட்டியை விரித்து அதன்மேல் ரோமத்தைக் கொட்டி உதறுங்கள். புழுக்கை ஒட்டிய ஓரங்கள், அடிவயிற்று ரோமம், கத்தரி இரண்டாம் தரம் பட்டு விழுந்த துண்டு முடி எல்லாவற்றையும் தயங்காமல் கழித்துவிடுங்கள். நெருஞ்சி முள்ளும் ஒட்டுப்புல்லும் கையால்தான் எடுக்க வேண்டும், குறுக்கு வழி கிடையாது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடவே வேண்டாம். ஆந்த்ராக்ஸுக்கு ஒரு காலத்தில் ரோமம் பிரிப்பவர்களின் நோய் என்றே பெயர் இருந்தது.

இந்த வேலையைத் தனியாகச் செய்தால் அரை மணி நேரத்தில் எழுந்து ஓடத் தோன்றும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஒரு கல்யாணப் பேச்சு முடிவதற்குள் இரண்டு கிலோ முடிந்துவிடும். தேன்குழல் தட்டை மட்டும் தள்ளி வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலும் வேண்டாம், முற்றத்துக்குப் போய்விடுங்கள்.

அலசுவது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முதல் தடவை அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சோப்பைக் கரைத்து, போர்வை துவைப்பது போல நன்றாகக் கசக்கினேன். அப்புறம் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீரை அதன் தலையிலேயே விட்டேன். வெளியே எடுத்தபோது சடை விழுந்து, தேங்காய் நார்க் கால்மிதி மாதிரி ஒரே கட்டி. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழையிலும் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் உண்டு. ஈரத்தோடு சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், திடீர்க் குளிர் பட்டால் இன்னும் மோசம். அப்படி இறுகியதை யாராலும் பிரிக்க முடியாது. அந்தக் கட்டி இப்போது எங்கள் அடுப்படியில் சூட்டுப் பாத்திரம் இறக்கி வைக்கிற மணையாக இருக்கிறது.

சரியான முறை இது. முதல் நாள் இரவே பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், ஆட்டின் வியர்வை உப்பும் மண்ணும் இதிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். அந்தக் கறுப்புத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றலாம், அதில் பொட்டாசியம் இருக்கிறது. மறுநாள் ரோமத்தை வெங்காயம் வரும் வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள். தண்ணீர் 60 முதல் 65 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையா? பாதி கொதிநீர், பாதி நம் ஊர் வாளித் தண்ணீர், கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பைக் கலந்த பிறகு பையை மெல்ல அமுக்கி மூழ்கவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். 15 நிமிடம். கிளறாதீர்கள், எட்டிப் பார்த்தால்கூடக் கை பரபரக்கும்.

அதற்காக மறந்தும் போய்விடக் கூடாது. லானோலின் என்கிற அந்த மெழுகுப் பிசுக்கு 40 டிகிரி வாக்கில் உருகுவது, தண்ணீர் ஆறினால் உருகியது திரும்ப ரோமத்திலேயே படியும். நான் ஒரு தடவை போனில் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, பழைய பிசுபிசுப்போடு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பையைத் தூக்கி, வடியவிட்டு, அதே சூட்டில் நல்ல தண்ணீரில் இரண்டு தடவை முக்கி எடுங்கள். கருங்குறும்பைக்கு ஒரு சோப்புத் தண்ணீர் போதும், நீலகிரிக்கு இரண்டு. பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் கயிற்றுக் கட்டிலில் பரப்பினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். நான் வாங்கிய இரண்டு கிலோ, காய்ந்தபின் ஒன்றேகால்தான் நின்றது.

சீவி நூற்பது

பெரிய சீவும் இயந்திரம் வாங்காதீர்கள், தண்டச்செலவு. நாய் முடி வாருகிற கம்பிப்பல் பிரஷ் இரண்டு போதும். ஒன்றில் ரோமத்தைக் கொஞ்சமாகப் பரப்பி மற்றதால் மெல்ல இழுத்தால் இழைகள் நேராகும், அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம்.

நூற்பதை எழுத்தில் சொல்லிப் பயனில்லை, யார் பக்கத்திலாவது உட்கார்ந்து பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஓர் அப்பத்தா, கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தந்த ஆதாரப் பள்ளியில் தக்ளி சுற்றியவர், கண்ணை மூடிக்கொண்டு நூற்பார். ஆனால் பஞ்சுக்குக் கொடுக்கிற முறுக்கையே இதற்கும் கொடுத்து முதல் வாரம் நூலைக் கம்பியாக்கிவிட்டார். பஞ்சு குட்டை இழை, அதற்கு முறுக்கு நிறைய வேண்டும். ரோம இழை நீளம், பாதி முறுக்கே தாங்கும். பித்தளைத் தக்ளியும் இதற்கு எடை போதாது, ஒரு குச்சியில் பழைய சிடி இரண்டைச் செருகிக்கொண்டால் நன்றாகச் சுழலும்.

பின்னால் சேர்த்தது: துணி சோப்பு நுரைக்காமல் தயிர்போலத் திரிகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். போர் தண்ணீரின் வேலை அது, உப்புத் தண்ணீரில் சோப்பு படிந்துவிடும். இங்கே சம்பை ஊற்றுத் தண்ணீரில் எனக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, அதனால்தான் முன்பு எழுதத் தோன்றவில்லை. மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

இன்னொன்று: சீயக்காய்த்தூள் போட்டு அலசியவர், தூள் இழைக்குள் போய் வரவே மாட்டேன் என்கிறது என்கிறார். வராதுதான். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடிகட்டின தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வாஷிங் சோடா வேண்டவே வேண்டாம், ரோமம் வைக்கோலாகிவிடும்.

நீலகிரி ரோமம் ஒரு மூட்டை வந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு வளவில் அண்டாக்களை வரிசையாக வைத்த பிறகுதான் அதை அவிழ்ப்பேன், பிரிக்க வருகிறவர்கள் வலைப்பை கொண்டுவாருங்கள்.