கேரம் போர்டு வாங்கப் போறீங்களா?

லீவு வந்தால் பிள்ளைகளுக்கு கேரம் வாங்கித் தருவோம். கடையில் 'பிள்ளைகளுக்கானது' என்று சின்ன போர்டை நீட்டுவார்கள், வேண்டாம். போட்டிகளில் ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதுவே சரி, இல்லாவிட்டால் பிறகு கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. கனமானதை வைத்து அடித்தால் காய் தெறிக்கும், குறி நிற்காது.

முகப் பவுடர் தூவாதீர்கள், பிசுபிசுக்கும். கேரம் பவுடரே போதும், அதுவும் ஒரு சிட்டிகை. போரிக் பவுடர் என்றால் ஆடி முடித்ததும் கை கழுவ வேண்டும். ஆடாத நேரத்தில் போர்டைச் சுவரில் சாய்த்து வைப்பதுதான் பெரிய தப்பு; பலகை வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்க வையுங்கள்.

ரெட் (சிவப்புக் காய்) போட்டால் உடனே ஃபாலோ, அதாவது தன் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லையென்றால் ரெட் திரும்ப நடுவுக்கு வரும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாதி சண்டை குறையும்!

'வீட்டுக்குள்ள என்ன விளையாட்டு' என்பவர்களுக்கு: 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் சென்னைப் பெண்.